சீத்தானின் வெங்காயப் பாத்தியில் ஒரு தலைநகரம்

பாகானே நாட்டின் தலைநகரமான ஜாலான்சோ காணாமல் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை, பார்த்தவர்களிடம் கேட்டவர்களும் இல்லை, ஆனாலும் "அது எங்க ஊர்லதான் இருந்துச்சு" என்று சட்டையைப் பிடித்துச் சண்டை போட மேற்கு ஆப்பிரிக்காவின் அந்த மூலையில் ஐந்தாறு ஊர்கள் எப்போதும் தயாராக இருந்தன, பட்டணத்து ஆராய்ச்சிக்காரர்கள் கூடாரம் அடித்து ஆண்டுக்கணக்காக ஒரு மேட்டைத் தோண்டிக்கொண்டும் இருந்தார்கள். அந்த ஐந்தாறில் சேராத, எந்தச் சண்டைக்கும் போகாத, ஒரு குளத்தையும் குளத்தோரத்து வெங்காயத்தையும் தவிரப் பெருமைப்பட வேறொன்றும் இல்லாத பெலேகுரா என்ற ஊருக்குத்தான், பாலைவனத்துப் புழுதிக்காற்று அடித்து ஓய்ந்த ஒரு காலையில், அந்தத் தலைநகரம் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் புழுதியோடு வந்தது என்பார்கள் பெலேகுராக்காரர்கள். புழுதியோடு என்னென்னவோ வருகிறது, இருமல் வருகிறது, கண்வலி வருகிறது, பக்கத்து ஊர் வெள்ளாடு வருகிறது, இந்த முறை ஒரு தலைநகரம் வந்தது, அவ்வளவுதான்.

அதை முதலில் பார்த்தவள் சீத்தான். நாற்பதைத் தாண்டியவள், கணவனை இழந்தவள், குளத்தின் இக்கரையிலிருந்து கூப்பிட்டால் அக்கரையில் மேயும் கழுதை திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தொண்டை உள்ளவள். தலையில் ஒரு சுரைக்குடுவைத் தண்ணீரும் இடுப்பில் இன்னொரு சுரைக்குடுவைத் தண்ணீருமாகத் தன் வெங்காயப் பாத்திக்கு நடந்து வந்தவளின் முன்னால், பாத்தி இருக்க வேண்டிய இடத்தில், ஆனைப்புளி மரத்தின் உயரத்துக்கு ஒரு சிவந்த மண்சுவர் நின்றது. சுவர் நெடுகக் கட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன, கட்டைகளில் புறாக்கள் உட்கார்ந்திருந்தன, சுவருக்கு மேலே கோபுரங்கள், கோபுரங்களுக்கு மேலே அடுப்புப் புகை, உள்ளே எங்கேயோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் மண்டியிட்டிருப்பாள், அல்லது ஓடியிருப்பாள். சீத்தானுக்குக் கோபம் வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. பெலேகுராவில் நிலம் ஆண்களுடையது, கம்பங்கொல்லை அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும், மகன் இல்லாவிட்டால் தம்பிகளுக்குப் போகும். பெண்களுக்கென்று உள்ளவை குளத்தோரப் பாத்திகள் மட்டும்தான், அவற்றையும் இப்போதைய ஊர்த்தலைவர் மாமாரியின் அப்பா ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்திருந்தார்: எந்தப் பாத்தியில் ஒரு பருவம் விளைச்சல் எடுக்கவில்லையோ, அந்தப் பாத்தி தலைவர் வீட்டுக்கே திரும்பிவிடும். கணவன் இறந்ததும் கொல்லை அவன் தம்பிகளுக்குப் போய்விட்டது, வீடு கூட அவர்கள் தயவில்தான் இருந்தது, என்னுது என்று சொல்லிக் காலை ஊன்றி நிற்க இந்த உலகத்தில் சீத்தானுக்கு இருந்தது அந்த ஒரு பாத்திதான். நாற்று நட்டு, பறவை விரட்டி, நாள் தவறாமல் தண்ணீர் சுமந்து வளர்த்த வெங்காயத்தின் மேல் எவனோ ஊரைக் கட்டிவைத்திருக்கிறான்.

"எவன்டா என் பாத்தி மேல சுவரு வச்சது? நாசமாப் போறவனே, வெங்காயம் மூச்சு முட்டிச் சாகுதேடா!" என்று கத்திக்கொண்டே இடுப்புத் தண்ணீரை எடுத்துச் சுவர் மேல் வீசினாள். ஆத்திரம் தீரவில்லை. தலைத் தண்ணீரையும் எடுத்து வீசினாள்.

தண்ணீர் வழிந்து மண்ணில் ஊறியதும் பெரிய கதவு முனகிக்கொண்டு திறந்தது. நீல அங்கி போட்ட நெட்டையான ஒருவர் வெளியே வந்தார், தொண்டையைச் செருமினார், புறாக்கள் எல்லாம் பறந்தோடும்படியான குரலில் முழங்கினார்: "நெடுவழி நடந்து களைத்து வந்த எம் மாநகருக்கு முதல் நீர் வார்த்த மாதரசி வாழ்க! அவள் குலம் வாழ்க! அவளே எம் ஜாத்திகி!"

ஜாத்திகி என்றதும் சீத்தான் பதறிப் போனாள். அந்தப் பக்கத்து ஊர்களில் புதிதாக வந்த ஆளிடம் முதலில் ஒன்றும் கேட்க மாட்டார்கள், பேர் கேட்க மாட்டார்கள், வந்த காரியம் கேட்க மாட்டார்கள், முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். யார் கை முதல் தண்ணீரைக் கொடுத்ததோ அவர்தான் அந்த விருந்தாளிக்கு ஜாத்திகி, அதாவது அவன் திரும்பிப் போகும்வரை அவன் பசிக்கும் படுக்கைக்கும் சண்டைக்கும் சச்சரவுக்கும் பொறுப்பாளி.

"ஐயோ சாமி, நான் வரவேற்கலைங்க. நான் திட்டினேன்!"

"வாய் என்ன சொன்னது என்பதை யாம் கேட்பதில்லை, தாயே. வார்த்த நீர் சொன்னதைக் கேட்டோம்" என்றார் நெட்டையானவர்.

ஊர் கூடியது. தலைவர் மாமாரி நல்ல மனிதர், எந்தப் பஞ்சாயத்திலும் இரண்டு தரப்பையும் பாதிப் பாதி சந்தோஷப்படுத்தி அனுப்புபவர், குளத்தோரப் பாத்திகளின் பக்கம் போகும்போது மட்டும் அவர் கண் கொஞ்சம் அலையும். அவர் சுவரைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், சீத்தானின் காலிக் குடுவைகளைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தினது நீதானே, சீத்தான்?"

"ஊத்தலைங்க தலைவரே, வீசினேன்."

"ஒரு குடுவையா, ரெண்டா?"

"ரெண்டு."

"அப்புறம் என்ன, ரெண்டு தடவை வரவேற்றிருக்கே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் மாமாரி. ஒரு தலைநகரத்தையே அவள் தலையில் கட்டிவிட்டு, எல்லோரும் கம்பங்கூழ் குடிக்க வீட்டுக்குப் போனார்கள்.

இப்படித்தான் ஜாலான்சோ பெலேகுராவில் குடியிருக்கத் தொடங்கியது. சில நாள் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த ஊர், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுப் பழக ஆரம்பித்தது. நகரத்துப் பெண்கள் குளத்துக்குத் துணி துவைக்க வந்து, ஊர்ப் பெண்களின் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அது அத்தனை லேசாக இருப்பதில் மயங்கிப் போனார்கள். ஊர்ப் பெண்கள் அவர்களுடைய கூந்தல் பின்னலைக் கற்றுக்கொண்டு சந்தைக்குப் போய் அக்கம்பக்கத்து ஊர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஈட்டி பிடித்த காவலர்கள் ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் பிள்ளைகளோடு பந்து விளையாடினார்கள். நகரத்துக் கழுதைகளுக்கும் ஊர்க் கழுதைகளுக்கும் முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. துணை ஆட்சியர் தேசியக் கொடியோடு ஜீப்பில் வந்து, இந்த நகரம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டு, மாவட்டம் என்றால் என்ன என்ற பதில் கேள்விக்குப் பதில் தெரியாமல், தேநீர் குடித்துவிட்டுப் போனார். மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். தாங்கள் தோண்டுகிற இடத்தில்தான் ஜாலான்சோ இருப்பதாகவும், தோண்டி முடித்ததும் வந்து பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பினார்கள் அவர்கள்.

வேடிக்கை பார்க்க எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்தன. வறுத்த கடலை விற்றவர்கள் இறைச்சி வறுத்து விற்றார்கள், இறைச்சி விற்றவர்கள் கடை போட்டார்கள், கடை வைத்திருந்தவர்கள் கடைக்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். ஊரே வாயெல்லாம் பல்லாக இருந்தது.

சீத்தானின் கொழுந்தன், அதாவது கணவனின் கடைசித் தம்பி, ந்கோலோ. மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன், வாயில் எப்போதும் ஒரு கிண்டலும் கையில் எப்போதும் கிரீஸும் இருக்கும். அந்த நாட்டில் சில குலங்களுக்கிடையே கேலி முறை உண்டு, நம் மாமன் மச்சான் கேலியெல்லாம் அதன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். ஒரு குலத்தான் மற்ற குலத்தானை நடுத்தெருவில் நிறுத்தி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கேட்டவன் சிரிக்கத்தான் வேண்டும், முகம் சுளித்தால் அவனுக்குத்தான் இழுக்கு. ந்கோலோவின் குலமும் ஜாலான்சோ மன்னர் தாம்பாவின் குலமும் அப்படிப்பட்ட குலங்கள், பயறு தின்னி என்பது அந்தக் கேலியின் வழக்கமான வசை. வந்த முதல் வாரமே அவன் நேராக அரண்மனைக்குள் போய், "எங்கடா அந்தப் பயறு தின்னி? ஊரையே தூக்கிட்டு வந்தியே, சமையலுக்கு ஒரு மூட்டைப் பயறு கொண்டாந்தியா?" என்று கேட்டான். காவலர்கள் ஈட்டியைத் தூக்கினார்கள், குலப்பெயரைக் கேட்டதும் தாழ்த்தினார்கள், மன்னர் சிரித்துச் சிரித்துத் தும்மல் போட்டார்.

மன்னர் தாம்பா குட்டையானவர், உருண்டையானவர், புழுதி ஒத்துக்கொள்ளாதவர். அவர் கையால் சைகை காட்டுவாரே தவிர, சபையில் வாய்விட்டுப் பேச மாட்டார், அது மரபில்லை. சொல்ல வேண்டியதை அருகில் நிற்கும் நீல அங்கிக்காரரின் காதில் முணுமுணுப்பார், நீல அங்கிக்காரர் அதை அலங்கரித்து முழங்குவார். அரசவாய் என்பது அவருடைய பதவி, அவருடைய அப்பாவுக்கும் அதே பதவி, அவருக்கு முன்னால் இருந்த அத்தனை பேருக்கும் அதே பதவி.

சீத்தானின் பாத்தி எங்கே போயிற்று என்றால், அது எங்கேயும் போகவில்லை. நகரம் நடுவில் ஓட்டை விட்டுக் கட்டிய மாதிரி அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது, அந்த ஓட்டை அரண்மனையின் சபை முற்றம், முற்றத்து மேடையில் மன்னரின் ஆசனம், மேடைக்குக் கீழே வரிசை வரிசையாக வெங்காயம். வழக்கோடு வருபவர்கள் வரப்பில் கால் வைத்து ஜாக்கிரதையாக வந்தார்கள். சீத்தான் காலையில் தலையில் கூழ்ப்பானையோடு கதவு கதவாகத் தாண்டிப் போவாள், ஏனென்றால் ஜாத்திகியின் பானை வந்து சேரும்வரை விருந்தாளி அடுப்பு மூட்டக் கூடாது, ஒரு நாள் அவள் காய்ச்சலில் படுத்து மதியம்தான் எழுந்தபோது தலைநகரம் முழுவதும் பட்டினியில் வாடிக் கொண்டிருந்தது. பானையை மன்னரின் சமையல்காரியிடம் கொடுத்துவிட்டு, இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, சபை நடக்க நடக்கப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவாள். வரி பற்றியும் போர் பற்றியும் நடக்கும் பேச்சுக்கு நடுவில் "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்பாள். தூக்குவார்கள்.

தண்ணீர் ஊற்றினாள், களை பறித்தாள், எல்லாம் செய்தாள். வெயிலை மட்டும் அவளால் சுமந்து வர முடியவில்லை. நாலு பக்கமும் சுவர், உச்சிப் பொழுதில் கொஞ்ச நேரம் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், மற்ற நேரமெல்லாம் நிழல். தாள் மட்டும் பச்சைப் பசேலென்று முழங்கால் உயரத்துக்கு ஓங்கியது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள், கீழே கிழங்கு பருக்கவே இல்லை, சுண்டுவிரல் கனத்துக்கு வெள்ளையாக ஒரு தண்டு, அவ்வளவுதான். அன்று அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள், மன்னர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமாரிக்கும் சேதி போயிருந்தது. வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன சீத்தான், வெங்காயம் எப்படி?" என்பார், அக்கறையாகத்தான் கேட்பார்.

"வளருதுங்க."

"மேலேயா, கீழேயா?"

"நீங்க உங்க கம்பைப் பாருங்க, தலைவரே."

பக்கத்துப் பாத்திக்காரி தெனிம்பா அவளுக்கு உயிர்த்தோழி. மற்றப் பெண்களின் பாத்திகளைப் போல அவளுடையதும் சுவருக்கு வெளியே தப்பியிருந்தது, சுவர் நிழலில்தான் கிடந்தது, ஆனால் ஓரத்தில் ஒரு வரிசைக்கு வெயில் விழுந்ததால் அவளுக்கு ஏதோ விளைச்சல் என்று காட்ட வழி இருந்தது. "போகச் சொல்லேன்டி அவங்களை, நீதானே ஜாத்திகி" என்றாள் தெனிம்பா.

"ஜாத்திகி போகச் சொல்லக் கூடாதுடி. செத்தாலும் சொல்லக் கூடாது. அவங்களா வழி கேக்கணும்."

அதுதான் சிக்கல். தண்ணீர் குடித்த விருந்தாளி தன்னிஷ்டத்துக்குக் கிளம்ப முடியாது. ஜாத்திகியின் முன்னால் நின்று எனக்கு வழி கொடு என்று கேட்க வேண்டும், ஜாத்திகி வழி கொடுக்க வேண்டும், அதன்பிறகுதான் கால் வாசலைத் தாண்டலாம். கேட்காமல் கிளம்பினால் வழி அவனை ஏற்றுக்கொள்ளாது என்பது அங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மன்னர் கேட்கிற வழியாக இல்லை. புறப்பாடு பற்றி யாராவது பேச்செடுத்தால் அரசவாய் முழங்குவார்: "மன்னர் விரும்பும்போது புறப்படுவார், விரும்பும்வரை வீற்றிருப்பார்!" கேட்டதும் கடைக்காரர்கள் கைதட்டுவார்கள்.

வெயில் காலம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் காலை சீத்தான் மேடையின் அடியிலேயே குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். மேடையில் மன்னர் அரசவாயின் காதுக்குள் முணுமுணுப்பது, அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, தெளிவாகக் கேட்டது.

"இன்னிக்காவது கேளுய்யா. இந்த அம்மா தினமும் கூழு கொண்டாந்து போடுது, அது பொழப்பு நம்ம நிழல்ல அழியுது. வழி கேளு, கெளம்பிடலாம்."

அரசவாய் நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, சபையைப் பார்த்து முழங்கினார்: "மன்னர் இவ்வூரின் காற்றை மெச்சுகிறார்! விரும்பும்வரை வீற்றிருப்பார்!"

மன்னர் பெருமூச்சு விட்டுத் தும்மினார். சீத்தான் பறித்த களையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தாள். அடுத்த நாளும் காது கொடுத்துக் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். மன்னர் தினமும் கேட்கச் சொல்கிறார். அரசவாய் தினமும் வேறொன்றைச் சொல்கிறார். இந்த நகரம் காணாமல் போனதே இதனால்தான் என்று அவளுக்குப் பட்டது. எந்த ஊரிலும் வழி கேட்காமல் எழுந்து போயிருக்கிறார்கள், எந்த வழியும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஒரு நகரமே வழிதவறிப் பரதேசியாய் அலைந்திருக்கிறது. வெங்காயத்துக்காக வந்த கோபத்துக்கு நடுவில் அந்தக் குட்டை மனிதர் மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது.

ந்கோலோவிடம் ஓடி, மேடையடியில் காதில் விழுந்ததையெல்லாம் சொன்னாள். அவன் ஒரு வண்டியின் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"நீ கேட்டதை நீயே மன்னர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே, மதினி?"

"நான் சொன்னா, போ போன்னு விரட்டின மாதிரி ஆயிடும். நீதான் அவருக்குக் கேலி முறை. நீ எது சொன்னாலும் அவரு சிரிக்கணும்."

"அப்ப எனக்கு என்ன கொடுப்பே?"

"வாயில நாலு போடுவேன்."

"போதும், வர்றேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான் ந்கோலோ.

அன்று சபையில் கூட்டம் நெரிந்தது. ந்கோலோ வரப்பில் நடந்து வந்து மேடைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"ஏய், பயறு தின்னி! உன் வாய் எங்கே?"

மன்னர் சிரித்தபடி நீல அங்கிக்காரரைக் காட்டினார்.

"அது அவன் வாய். நான் உன் வாயைக் கேட்டேன். பயறு திங்கறதுக்கு மட்டும் திறப்பியா? எங்க வீட்டு மதினி கூழை எந்த வாயால குடிச்சே? அவன் வாயாலயா? குடிக்கும்போது சொந்த வாய், கேக்கும்போது இரவல் வாயா?"

சபை குலுங்கியது. காவலர்கள் ஈட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். மன்னரும் சிரித்தார், சிரித்தே ஆக வேண்டும், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் அரசவாயின் காதருகே சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார்.

அரசவாய் இந்த முறை முழங்கவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது. "முடியாது, மன்னா" என்றார், அலங்காரமில்லாத ஒரு சாதாரணக் குரலில். "தா, கொடு என்று கேட்க எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் அப்பனுக்கும் தெரியாது. ஜாலான்சோ யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என் வாயில் அந்தச் சொல் வராது." சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மன்னர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆசனத்தை விட்டு இறங்கினார். மேடையை விட்டும் இறங்கினார். வெங்காயத்தை மிதிக்காமல் வரப்பு வழியாக நடந்து சீத்தானின் முன்னால் வந்து நின்றார், நின்றபோது அவள் தோள் உயரம்தான் இருந்தார். வாயைத் திறந்தார். பல தலைமுறையாகச் சபையில் கேட்காத ஒரு மன்னரின் குரல் கொஞ்சம் கீச்சென்று, சளி பிடித்து, நடுங்கிக்கொண்டு வந்தது.

"அம்மா, எனக்கு வழி கொடுங்க."

கடைக்காரர்கள் பக்கமிருந்து ஐயோ என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. எல்லோரும் சீத்தானின் வாயைப் பார்த்தார்கள். வழி இரண்டு விதமாகக் கொடுக்கலாம். முழு வழியும் கொடுத்தால் போய்விடு, நமக்குள் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். பாதி வழி கொடுத்தால், மிச்சப் பாதி ஜாத்திகியிடமே இருக்கும், அதை வாங்கிக்கொள்ள விருந்தாளி என்றைக்காவது திரும்பி வர வேண்டும், வந்து அதே இடத்தில் இறங்க வேண்டும். முழு வழி, சீத்தான், முழு வழி என்று கூட்டத்திலிருந்து தெனிம்பா சைகை காட்டினாள். சீத்தானும் அதைத்தான் சொல்ல இருந்தாள். காலடியில் கிழங்கில்லாத வெங்காயம் நின்றது, இன்னொரு முறை இந்த நகரம் வந்தால் இன்னொரு பருவம் போய்விடும், அவளுக்கு அது நன்றாகவே தெரியும். மன்னரின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை, தலைகுனிந்து காத்துக்கொண்டிருந்தார்.

"பாதி வழி கொடுக்கறேன்" என்றாள் சீத்தான். "மிச்சப் பாதி என்கிட்ட இருக்கு. வந்து வாங்கிக்குங்க."

மன்னர் தாம்பா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அரசவாயும் அழுதார், அவர் அழுதது மூன்று ஊருக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் மதியம், சாப்பாடெல்லாம் முடிந்து, துவைத்த துணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளின் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜாலான்சோ கிளம்பியது. முதலில் கோபுரங்கள் நகர்ந்தன, பிறகு சுவர்கள், பிறகு புறாக்கள். வடக்கே போகும் மாட்டுத்தடத்தின் வழியாக, ஒரு வரப்பைக்கூட இடிக்காமல், பெரிய சந்தைக்குக் கிளம்பிய குடும்பம் போல நிதானமாகப் போயிற்று. இந்த முறை அதற்குப் போகும் இடம் தெரிந்திருந்தது போலிருந்தது. கடைக்காரர்கள் நாற்காலிகளை மடக்கினார்கள்.

பாத்தியில் மறுபடி வெயில் விழுந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது, முதல் மழைக்கு நாள் நெருங்கிவிட்டது, இனிமேல் கிழங்கு பருக்காது. சீத்தான் அதைத் தெரிந்துகொண்டேதான் தண்ணீர் ஊற்றினாள்.

மாமாரி தன் மகன்களோடும் அளக்கிற கயிற்றோடும் வந்தார். மற்றப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"எனக்கும் வருத்தம்தான், சீத்தான். ஆனா எங்கப்பா சொன்ன சொல்லு இருக்கே."

சீத்தான் தானே குனிந்து ஒன்றைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். கீழே ஒன்றுமில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "எடுத்துக்குங்க, தலைவரே. சொல்லு சொல்லுதான்" என்றாள். பிறகு, வீட்டை ஒப்படைக்கிற பெண் எந்தக் கதவு மழைக்கு ஊறி இறுகும் என்று சொல்லிவிட்டுப் போவாளே, அந்த மாதிரி சொன்னாள்: "நான் பாதி வழிதான் கொடுத்திருக்கேன். மிச்சத்துக்கு அவங்க வருவாங்க. வந்தா இந்த மண்ணுலதான் இறங்குவாங்க, மண்ணுக்காரங்கதான் முதல் தண்ணி கொடுக்கணும், கொடுத்தவங்கதான் ஜாத்திகி. காலையில கூழு சீக்கிரம் போகணும், அது போற வரைக்கும் ஒரு அடுப்பும் எரியாது. சண்டைன்னா உங்க வாசல்லதான் வந்து நிப்பாங்க. மன்னருக்குப் புழுதி ஆகாது, கஷாயம் வச்சுக் கொடுக்கணும். எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது. அடுத்த வருஷமும் வரலாம், உங்க பேரன் காலத்துலயும் வரலாம்."

மாமாரி கயிற்றைப் பார்த்தார். திரும்பி, பெண்கள் கூட்டத்தில் நின்ற தன் இரண்டு மனைவிகளையும் பார்த்தார். காலை நாலு மணிக்கு ஒரு தலைநகரத்துக்குக் கூழ் காய்ச்சும் எண்ணம் அவர்கள் இருவர் முகத்திலும் துளிக்கூட இல்லை. மூத்தவள் வெளிப்படையாகவே தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மாமாரி தொண்டையைச் செருமினார், செருமிவிட்டு வானத்தைப் பார்த்தார், வானத்தில் ஒன்றுமில்லை.

"எங்கப்பா விளைச்சல்னுதான் சொன்னாரு. கிழங்குன்னு சொல்லலை" என்றார் கடைசியில். "தாளு விளைஞ்சிருக்கு. நல்லாவே விளைஞ்சிருக்கு. பாத்தி உன்னுதுதான்."

"இந்த வருஷம் மட்டுமா, தலைவரே?"

"எல்லா வருஷமும். பாதி வழி உன்கிட்ட இருக்கற வரைக்கும் இந்த மண்ணை எங்க வீட்டுல யாரும் தொட மாட்டாங்க. போதுமா?" என்று சொல்லிவிட்டு, கயிற்றை மகன் தோளில் போட்டு, கொஞ்சம் வேகமாகவே நடந்து போய்விட்டார்.

பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கித் தாளையெல்லாம் அரிந்தார்கள். அன்று பெலேகுராவில் எல்லா வீட்டிலும் வெங்காயத்தாள் போட்ட கடலைக் குழம்புதான். தெனிம்பா அரிவாளை ஓரமாக வைத்துவிட்டு சீத்தானின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுடி. மாமாரி வாயை அடைக்கத்தானே பாதி வழி கொடுத்தே?"

"இல்லடி" என்றாள் சீத்தான். "அப்ப மாமாரி ஞாபகமே இல்லை. அந்த ஆளு மூக்கு ஒழுக நின்னு சொந்த வாயால கேட்டப்ப, ஒரேடியாப் போயிடுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை."

"திரும்ப வந்து வெங்காயத்து மேல உக்காந்தா?"

சீத்தான் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் பாத்தியை ஒருமுறை இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"வடக்கால தள்ளி உக்காரச் சொல்லணும். வெயில் விழும்."